குரங்கைப் பொடியனாக்கின கதை

கேள்வி: ஐயா, என்ட மகன் ஏ/எல்லுக்கு கிரேக்க உரோம நாகரிகம் படிக்கிறான். யூடியூப்ல ஏதோ பாத்திட்டு நொசோஸ் மாளிகை வெறும் கொங்கிறீட், மினோவன் நாகரிகமே டூப்பு எண்டு நிக்கிறான். உண்மையே?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: பாதி உண்மை தங்கச்சி. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில, நொசோஸ் மாளிகை புதைஞ்சு கிடந்த காணியை ஆர்தர் எவன்ஸ் எண்ட இங்கிலீஷ் தொல்லியலாளர் 1900இல தன்ட காசில வாங்கிக் கிண்டத் தொடங்கினவர், ஆதியில மரத்தில நிண்ட தூண்கள் எப்பவோ அழிஞ்சு போச்சு, அதால அவர் அந்த இடங்களைத் திருப்பிக் கட்டினார், 1920களில அதுக்குக் கொங்கிறீட்டும் நிறையப் போட்டார். இண்டைக்கு டூரிஸ்ட் ஆக்கள் முன்னால நிண்டு படம் எடுக்கிற சிவப்புத் தூண்களில கன தூண் அப்பிடி நட்டதுதான். அந்தப் பழைய கிரீட் நாகரிகத்துக்கு மினோவன் எண்ட பேரைப் பரப்பினதும் அவர்தான், கதையில வாற மினோஸ் ராசாவை வைச்சு.

எனக்கு இதில மனசு நோகிறது கொங்கிறீட்டை விட ஓவியங்கள்தான். சுவரோவியத் துண்டு கொஞ்சம் கிடைச்சுது, நீல நிறத்தில ஒரு உடம்பு, அதைக் குங்குமப்பூ பிடுங்கிற பொடியன் எண்டு முடிவெடுத்து மிச்சத்தை வரைஞ்சு நிரப்பிப் போட்டினம். பிறகு ஆறுதலாப் பாத்தவைக்கு அதில வால் தெரிஞ்சுது. அது குரங்கு! ஆனா அதுக்கிடையில பொடியன் புத்தகங்களில ஏறிட்டான்.

1903இல பாம்பு பிடிச்ச பெண் உருவங்கள் உடைஞ்சபடி கிடைச்சுது, சின்னதுக்குத் தலையே இல்லை, இப்ப இருக்கிற முகம் பிறகு செஞ்சு வைச்சது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போன உடனே அதே சாயலில சிலைகள் சந்தைக்கு வரத் தொடங்கிச்சு. பொஸ்டன் மியூசியத்துக்கு 1914இல தந்தமும் தங்கமும் சேர்த்த ஒண்டு போச்சு, கேம்பிரிட்ஜில 1926இல கல்லில ஒண்டு வாங்கிச்சினம். எங்க கிண்டி எடுத்தது எண்ட பதிவு ரெண்டுக்கும் இல்லை. கேம்பிரிட்ஜ்காரி போலி எண்டு ஆயிட்டுது, பொஸ்டன்காரி மேல சந்தேகம் இன்னும் தீரேல்ல. எவன்ஸிட்ட உடைஞ்ச சாமான் ஒட்டி வேலை பழகின ஆக்களே ஒளிச்சுப் போலி செஞ்சவை எண்டு லெனாட் வூலி எண்ட தொல்லியலாளர் தன்ட நினைவுக்குறிப்பில எழுதியிருக்கிறார்.

அதுக்காக நாகரிகம் பொய்யில்லை, இதை மகனுக்கு வடிவாச் சொல்லுங்கோ. அதே மண்ணில களிமண் ஏடுகள் கிடைச்சுது, 1952இல மைக்கல் வென்ட்ரிஸ் எண்டவர் அதில இருந்த லீனியர் பி எண்ட எழுத்தை வாசிச்சா அது கிரேக்கம், உள்ளுக்கு ஆட்டுக் கணக்கு, கம்பளிக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு. அது கிரேக்கமில்லை எண்டு எவன்ஸ் கடைசி வரைக்கும் நம்பினதுக்கு நேர்மாறு. அதுக்கு முந்தின மினோவன் எழுத்தான லீனியர் ஏ இண்டு வரைக்கும் ஆராலும் வாசிக்க ஏலாமக் கிடக்கு. போலிச் சிலைகள் அப்பிடி ஒரு நாளும் ஆரையும் மறுத்துப் பேசினதில்லை, வாங்கிறவர் ஆசைப்பட்ட முகத்தோடயே வந்துதுகள்.

கேள்வி: புறக்கோட்டையில யாழ்ப்பாண ராசாக்கள் காலத்துச் சேது காசு எண்டு மூண்டு வாங்கினனான், அம்மம்மான்ட பெட்டியிலயும் ஒண்டு இருந்தது. நாலின்ட படமும் அனுப்பியிருக்கிறன். நல்லதா ஐயா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, படங்களைப் பெருப்பிச்சு வைச்சு ஒரு மணித்தியாலம் பாத்தனான். வாங்கின மூண்டிலயும் நந்தியின்ட கழுத்தடியில ஒரே இடத்தில ஒரே கீறல். சுத்தியலால அடிச்ச காசில அப்பிடி வராது, ஒரு காசை வைச்சு அச்செடுத்து உருக்கி ஊத்தினாத்தான் கீறலும் சேர்ந்து வரும். விளிம்பில ஓடுற மெல்லிய கோட்டையும், முகத்தில ஊசி குத்தின மாதிரிக் குழிகளையும் பாருங்கோ, கோடு அச்சின்ட ரெண்டு பாதியும் பொருந்தின இடம், குழி காத்துக் குமிழி. நானும் இருபது வருஷத்துக்கு முதல் ஒரு கடையில இப்பிடியே ஏமாந்தனான். யாழ்ப்பாண ராசாக்களின்ட காசு, அதில தமிழில சேது எண்டு எழுத்து, கையில வைச்ச உடனே நெஞ்சு நிறைஞ்சு போச்சு, விளிம்பைத் திருப்பிப் பாக்கவே தோணேல்ல.

அம்மம்மான்ட காசு வேற மாதிரி இருக்கு. வட்டம் சரியில்லை, ஒரு பக்கம் தடிப்பு, எழுத்தில "சே" மட்டும்தான் மிச்சம், குழியோ கோடோ தெரியேல்ல. படத்தை வைச்சு முடிவு சொல்ல மாட்டன், கொழும்பு மியூசியத்தில ஒருக்காக் காட்டுங்கோ. அதுவரைக்கும் தயவுசெய்து புளி போட்டு மினுக்காதேங்கோ, அந்தக் கறுப்புப் பச்சைப் படை அப்பிடியே இருக்கட்டும்.