புரோநோட்டின் பின்பக்கம்

கேள்வி: என் கணவரின் அத்தை மகன் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறார். வண்டி வாங்க 3 லட்சம் கேட்டார். சீட்டு எடுத்த பணத்தில் 2 லட்சத்தை அவர் அக்கவுண்டில் போட்டேன், 1 லட்சத்தைக் கையில் கொடுத்தேன். கடையில் விற்கும் புரோநோட்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். 2 ரூபாய் வட்டி. ஒரு வருடம் ஜிபேயில் வட்டி வந்தது, அப்புறம் இல்லை. வருகிற 18-ம் தேதியோடு மூன்று வருடம் முடிகிறது. "ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி போடாத நோட்டு செல்லாது, கோர்ட்டுக்குப் போனால் ரொக்கம் கொடுத்ததற்கு உனக்குத்தான் அபராதம்" என்கிறார் கணவர். நிஜமா?
- ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: யாரோ உங்கள் கணவருக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். புரோநோட்டுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், நோட்டரி வேண்டாம், சாட்சிகூடக் கட்டாயமில்லை. இவ்வளவு தொகையை இன்னாருக்குத் தருகிறேன் என்று நிபந்தனை இல்லாமல் எழுதி, வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருந்தால் 1881-ம் வருடத்துச் சட்டத்துக்குப் போதும். "வண்டி விற்றதும் தருகிறேன்" என்று எழுதினால்தான் வம்பு. அது புரோநோட்டே ஆகாது.

முதலில் அந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்து ஸ்டாம்பைப் பாருங்கள். கேட்டதும் தர வேண்டிய நோட்டு என்றால், தொகை 1,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் எத்தனை லட்சமானாலும் தீர்வை வெறும் 25 காசு. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் தாராளம். ஆனால் கையெழுத்து அதன் மேல் ஏறி ஓடியிருக்க வேண்டும். தம்பு செட்டி தெருவில் என் ஆபீஸுக்கு வந்த ஒரு நோட்டில் ஸ்டாம்ப் பளபளவென்று புதுசாக இருந்தது, கையெழுத்து ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. அப்படி விட்டால் ஸ்டாம்ப் ஒட்டாத கணக்குதான். மற்ற பல பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம், புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடனை வேறு சாட்சியத்தால் நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

ரொக்கக் கடன் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ போகக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்வது உண்மைதான். அபராதம் வாங்கியவருக்கு, உங்களுக்கு இல்லை. அதனால் கடன் செல்லாமல் போகாது என்று 2025-ல் ஒரு செக் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. சீட்டுப் பணம் வந்த கணக்கை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

வட்டியில் பிடிவாதம் வேண்டாம். 2 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 2003-ம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தை எதிர்த்தரப்பு வக்கீல் உடனே கையில் எடுப்பார். நான் என்றால் 12 சதவீதம்தான் கேட்பேன்.

உங்களுக்கு நிஜமான ஆபத்து அந்த 18-ம் தேதிதான், வழக்குப் போட மூன்று வருடக் கெடு அன்றோடு முடிகிறது. ஜிபேயில் வந்த வட்டியால் கெடு நீண்டுவிட்டது என்று நம்பி உட்காராதீர்கள். பணம் வந்ததோடு, அதைக் கட்டிய கடன்காரர் கையெழுத்துள்ள ஓர் எழுத்தும் வேண்டும் என்கிறது 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம். அதற்குத்தான் நோட்டின் பின்பக்கம். "இன்று அசலில் 5,000 ரூபாய் செலுத்தினேன்" என்று அவரே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். ஓட்டேரியில் கடன் கொடுத்த காய்கறி வியாபாரி ஒருவர், பன்னிரண்டு வரவுகளை முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். அத்தனையும் அவர் கையெழுத்து. வாங்கியவர் ஓரிடத்தில்கூடக் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் உறவுக்காரர் எழுத மறுத்தால் 18-ம் தேதிக்குள் வழக்குப் போட்டுவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதால் மட்டும் கெடு நிற்காது. கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அசலுக்கு 9,000 ரூபாய் ஆகும்.

இன்னொன்று: பத்திரமாக இருக்கட்டும் என்று நோட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். அப்படி ஒருவர் கொண்டுவந்தார். கடன் வாங்கியவர் பேனாவும் கையுமாக எதிரில் உட்கார்ந்திருந்தார், எழுதத்தான் இடமில்லை.