ஸ்பேஸ்ல கிராவிட்டி இருக்கு சார், பொண்ணு எழுதுனதுதான் சரி

சார், "ஸ்பேஸ்ல கிராவிட்டியே இல்ல, அதான் மிதக்குறாங்க"ன்னு நீங்க சொல்லிக்குடுத்தீங்க, பொண்ணு "இருக்கு"ன்னு எழுதி மார்க் வாங்கிட்டு வந்து உங்களயே மடக்குறான்னு போட்டிருந்தீங்க, சிரிச்சிட்டேன். அவ சொல்றதுதான் கரெக்ட்.

ஸ்பேஸ் ஸ்டேஷன் சுத்துறது வெறும் 400 கி.மீ. உயரத்துல, அங்க ஈர்ப்பு தரையில இருக்குறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கு. அந்த உயரத்துக்கு ஒரு டவர் கட்டி மேல நின்னா 60 கிலோ ஆளுக்கு தராசு 53 காட்டும், மிதக்கவே மாட்டார்.

அப்புறம் ஏன் மிதக்குறாங்க? ஸ்டேஷன், உள்ள இருக்குற ஆளுங்க, எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்துல விழுந்துட்டே இருக்கு, அவ்ளோதான். ஒரு செகண்டுல ஸ்டேஷன் நாலு மீட்டர் சொச்சம் கீழ விழுது, ஆனா அதுக்குள்ள 7.6 கி.மீ. முன்னாடி ஓடிடுது, அந்த தூரத்துக்கு பூமியும் அதே அளவு வளைஞ்சு இறங்கிடுதா, அதனால தரையத் தொடவே மாட்டேங்குது, இப்படியே 90 நிமிஷத்துல ஒரு ரவுண்டு.

நம்பலன்னா ஒரு பிளாஸ்டிக் பாட்டில் அடியில ஆணியால ஓட்டை போட்டு, தண்ணி ஊத்தி, மூடியத் திறந்தே வச்சு மாடியில இருந்து விடுங்க (கீழ ஆள் இல்லாதப்ப!). கையில இருக்கும்போது பீச்சுற தண்ணி விழும்போது டக்குனு நின்னுடும், ஏன்னா பாட்டிலும் தண்ணியும் ஒரே வேகத்துல விழுது. செல்போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்தா சூப்பரா தெரியும்.

ஈர்ப்பு ஏன் வருதுன்னு அடுத்து கேப்பா, ரெடியா இருங்க. நிறை இருக்குற பொருள் சுத்தி இருக்குற இடத்தயும் காலத்தயும் வளைக்குது, அதான் ஈர்ப்புன்னு ஐன்ஸ்டீன் 1915ல சொன்னாரு. ஏழாவதுக்கு இது போதும்.