போருக்குப் போக மறுத்த நடிகர்களை மக்கள் மன்னித்தார்களா?

ஒரே மாதிரி நடத்தவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால ஹாலிவுட்டையே பாருங்கள்.

லூ அயர்ஸ் 1930-இல் ஜெர்மன் படைவீரனாக நடித்துப் புகழ்பெற்றவர். 1942-இல், ஆளைக் கொல்ல மனசாட்சி இடம் தராது என்று வெளிப்படையாகவே சொன்னார். உடனே கொதிப்பு, பல திரையரங்குகள் அவர் படங்களைத் தூக்கிவிட்டன, கோழை என்ற பட்டம் வேறு. ஆனால் அவர் ஆபத்துக்குப் பயந்தவர் அல்ல. மருத்துவப் பணி என்றால் வருகிறேன் என்றுதான் முதலிலிருந்தே கேட்டார். அப்புறம் அது கிடைத்ததும் நியூ கினியிலும் பிலிப்பைன்ஸிலும் துப்பாக்கி இல்லாமல் காயம்பட்டவர்களைக் கவனித்தார். அது தெரிந்த பிறகுதான் மக்கள் மனம் மாறியது. 1948-இல் வந்த படத்தில் மருத்துவராக நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

இன்னொரு ஹாலிவுட் நடிகரான ஜான் வெய்னுக்குக் குடும்பஸ்தர் என்று கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. பின்பு அவருடைய ஸ்டுடியோவும் அவருக்காக விலக்குக் கேட்டது. சீருடை அணியாமலே, திரையில் போர்வீரராக நடித்துத் தேசபக்தியின் முகமாகிவிட்டார். சட்டப்படி அதில் தப்பில்லை, சரி. ஆனாலும் உண்மையை உரக்கச் சொன்னவருக்குத்தான் அடி விழுந்தது என்பது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.