போலிஷ் மொழியின் மிக நீளமான பெயரடைகளை எப்படி அசை பிரிப்பது? அழுத்தம் எங்கே விழும்?

நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சொல்லின் கடைசியிலிருந்து எண்ணுங்கள். இரண்டாவதாக வரும் அசையில்தான் முதன்மை அழுத்தம். எத்தனை சொற்கள் ஒட்டியிருந்தாலும் பெயரடைக்கு இதுதான் விதி. பலரும் சறுக்குவது அசைகளை எண்ணும்போதுதான்.

யாப்பின் அசையை இங்கே மறந்துவிடுங்கள். நிரையசையில் இரண்டு உயிர் வரும். போலிஷில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. 'தொண்ணூற்றொன்பது வயதான' என்பதற்கு அங்கே ஒரே சொல்: ஜெ-வியெஞ்ச்-ஜெ-ஷெஞ்-சோ-ஜெ-வியெஞ்-சோ-லெத்-ஞி. போலிஷ் எழுத்தில் (dziewięćdziesięciodziewięcioletni) 18 உயிரெழுத்துகள் தெரியும், அசையோ 10தான். மீதி 8 இடங்களில் வரும் 'i' எழுத்து, அடுத்த உயிருக்கு முன்னால் நின்று மெய்யை மென்மையாக்கும் குறி மட்டுமே. அதையும் எண்ணினால் எல்லாம் குழம்பிவிடும். முதன்மை அழுத்தம் 'லெத்' மேல். முதல் 'ஜெ' மேல் லேசான துணை அழுத்தம். (இதில் 'ஞ்சோ' வரும் இடத்தில் 'பஞ்சு' போல மெலிய விடாதீர்கள், 'ச்' வல்லினமாகவே ஒலிக்க வேண்டும்.)

வேற்றுமை ஏறினால் அழுத்தமும் நகரும். அதே சொல் '-லெத்-ஞெ-கோ' என முடிந்தால் 11 அசை, அழுத்தம் 'ஞெ'. அகராதி வடிவத்தின் அழுத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்வது வீண்.

'மத்திய ஐரோப்பிய': ஷ்ரோத்-கோ-வோ-எவ்-ரோ-பெய்-ஸ்கி. ஒட்டுமிடத்தில் 'வோ', 'எவ்' தனித்தனி அசைகள். ஆனால் 'எவ்' என்பதைப் போலிஷில் 'eu' என இரண்டு உயிரெழுத்தில் எழுதினாலும் அசை ஒன்றே. நம்மவர் 'ஸ்கி'யை 'இஸ்கி' ஆக்குவதுண்டு. ஓர் அசை கூடிவிடும், அழுத்தம் 'பெய்' மேலிருந்து தவறிப்போகும்.

இணைப்புக்கோடு போட்டு எழுதுபவை வேறு கதை. 'தென்கிழக்கு' என்பது போ-வூத்-ஞோ-வோ, ஃப்ஸ்ஹோத்-ஞி. இங்கே ஒவ்வொரு பாதிக்கும் தனி அழுத்தம்: 'ஞோ', 'ஃப்ஸ்ஹோத்'. பின்னது சற்று வலுவானது. வரி முடிவில் இணைப்புக்கோட்டிலேயே சொல்லை உடைத்தால் அடுத்த வரித் தொடக்கத்திலும் கோட்டைத் திரும்பப் போட வேண்டும்.

எண்ணுப்பெயர் விலக்குகள் பெயரடைக்குத் தொற்றாது: 700 என்பது ஷெ-தெம்-ஸெத், அழுத்தம் முதல் அசையில். '700ஆவது' என்றால் ஷெ-தெம்-ஸெத்-னி, அழுத்தம் வழக்கம்போல 'ஸெத்' மேல்.