கால்நடைக் கேள்வி பதில்: வால் முடியும் எடை மேடையும்

கேள்வி: ராக்ஹாம்ப்டனுக்கு மேற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். பண்ணைக்காரரோடு பங்கு சேர்ந்து எனக்கும் பிராமன் (Brahman) என்ற இனத்துப் பசுக்கள் கொஞ்சம் உண்டு. வால் முடியை லேபுக்கு அனுப்பினால் கன்று எப்படி வளரும் என்று டிஎன்ஏவை வைத்தே சொல்லிவிடுவார்களாம். இனிமேல் கன்றுகளை எடை போடத் தேவையில்லை என்கிறார் அவர். சரிதானா சார்?
(வாசகர், குவீன்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா)

பதில்: சரியில்லை தம்பி. வேறு எந்த வேலையைக் குறைத்தாலும் எடை போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பேச்சை நானும் பண்ணைக்குப் பண்ணை கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

லேபில் பார்ப்பது, டிஎன்ஏவில் மாட்டுக்கு மாடு ஓர் எழுத்து மாறியிருக்கும் இடங்களை. ஸ்னிப் என்பார்கள். 2008 வாக்கில் பரவலான, டிஎன்ஏவைப் படிக்கும் சிப், ஒரே தடவையில் 50,000 இடங்களுக்கு மேல் படித்தது. ஆனால் இந்த எழுத்து இருந்தால் இத்தனை கிலோ கூடும் என்று டிஎன்ஏவில் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஏற்கெனவே எடை போட்டுக் குறித்து வைத்த ஆயிரக்கணக்கான மாடுகளின் டிஎன்ஏவோடு உங்கள் கன்றின் டிஎன்ஏவை ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்கிறார்கள். மெய்விசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் மூவரும் 2001-ல் வெளியிட்ட வழிமுறையின் சாரமே இதுதான். எல்லோரும் எடை போடுவதை நிறுத்திவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. தலைமுறைக்குத் தலைமுறை கணிப்பு மங்கிக்கொண்டே போகும். இனம் மாறினாலும் இதே சிக்கல்தான். ஆங்கஸ் மாடுகளை வைத்துப் போட்ட கணக்கை பிராமன் மேல் ஏற்ற முடியாது.

ஆஸ்திரேலியாவில் பிரீட்பிளான் என்ற மதிப்பீட்டு முறை 1985 முதல் இருக்கிறது. அதற்கான கணக்கு முறைகளை ஆர்மிடேலில் உள்ள ஆராய்ச்சிக் குழு உருவாக்கி வருகிறது. வம்சாவளி, எடை, டிஎன்ஏ மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் காளைக்கு இனப்பெருக்க மதிப்பு போடுகிறார்கள். விற்பனைப் பட்டியலில் ஈபிவி என்று போட்டிருப்பது அதைத்தான். ஒரு காளைக்கு 600 நாள் வயது எடைக்கான மதிப்பு +60 கிலோ, இன்னொன்றுக்கு +40 என்றால் வித்தியாசம் 20 கிலோ. காளை கன்றுக்குக் கொடுப்பது பாதிதான். அதனால் ஒரே மாதிரிப் பசுக்களோடு சேர்த்தால், முதல் காளையின் கன்றுகள் சராசரியாக 10 கிலோ கூடுதலாக நிற்கும்.

எடை போடும்போது பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. 200 நாள், 400 நாள், 600 நாள் என்று மூன்று எடை கேட்பார்கள். சரியாக அந்த நாளிலேயே போட வேண்டும் என்பதில்லை. 80 நாளிலிருந்து 300 நாளுக்குள் போட்ட எடையை 200 நாள் எடையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். முக்கியம் என்னவென்றால், ஒரே மேய்ச்சலில் வளர்ந்த கன்றுகள் அத்தனையையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டும். நோஞ்சானை ஒதுக்கிவிட்டு, வாட்டசாட்டமானதை மட்டும் எடை போட்டு அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். கணக்கு ஓடுவது கூட்டத்தின் சராசரியை வைத்து. நல்ல கன்றை நல்ல கன்றோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாமே சுமாராகத் தெரியும். உங்கள் காளையின் மதிப்பை நீங்களே குறைத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

வால் முடியையும் கட்டாயம் அனுப்புங்கள். ஒரே மேய்ச்சல் வெளியில் நாலைந்து காளைகள் ஓடும் உங்கள் பக்கத்தில், எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்று அதுதான் சொல்லும். பிராமனில் வரும் பாம்பே (Pompe) என்ற பரம்பரை நோய்க்கான சோதனைக்கும் அதே முடி போதும். அந்த மரபணுக் குறையைச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால், நாலில் ஒரு கன்றுக்கு நோய் வர வாய்ப்பு. வந்த கன்று ஒரு வயதைத் தாண்டுவது கடினம். கன்று மோழையாகப் பிறக்குமா என்பதற்கும் சோதனை இருக்கிறது. கொம்பு தீய்க்கும் வேதனை கன்றுக்கும் மிச்சம், உங்களுக்கும் மிச்சம். முடியைக் கத்தரிக்காதீர்கள். வால் குஞ்சத்துக்குள் விரலை விட்டு, சாணி ஒட்டாத முடியாகப் பார்த்து, வெடுக்கென்று வேரோடு இழுங்கள். நுனியில் வெள்ளைக் குமிழ் தெரிய வேண்டும். டிஎன்ஏ அந்தக் குமிழில்தான் இருக்கிறது. ஈரம் படாமல் அட்டையில் ஒட்டி, காதுத் தோட்டின் எண்ணை அங்கேயே, மாட்டைப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: எடை மதிப்பு அதிகமுள்ள காளையாகப் பார்த்து வாங்கினால் போதாதா? மற்ற எண்களெல்லாம் குழப்புகின்றன.
(வாசகர், டார்வின்)

பதில்: போதவே போதாது. ஆஸ்திரேலியாவின் வடக்கில் வருமானத்தைத் தீர்மானிப்பது கன்றின் எடையைவிட, பசு வருஷாவருஷம் ஈனுகிறதா என்பதுதான். நம் நாட்டிலிருந்து போன ஓங்கோல், கிர், குஜராத் மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவாகி, 1933-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது பிராமன். வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஆனால் கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும். தலையீத்துப் பசு, கன்று மடியை விடும்வரை மறுபடி சினைக்கு வராமலே நின்றுவிடும். விற்பனைப் பட்டியலைப் புரட்டும்போது எனக்கு முதல் கவலை இந்தத் தலையீத்துப் பசுதான்.

டிஎன்ஏ சோதனையின் பலன் முழுதாகத் தெரிவதும் இங்கேதான். எடையைத் தராசு சொல்லிவிடும். கிடேரி எப்போது பருவத்துக்கு வரும் என்பதைக் காளையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதன் மகள்கள் வளர்ந்து ஈனும்வரை காத்திருந்தால் காளை கிழமாகிவிடும். அதற்காகவே 2013-ல் ரெப்ரோனாமிக்ஸ் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் ஸ்பைகிளாஸ், கெய்ண்டா பக்கம் பிரையன் பாஸ்ச்சர்ஸ் என்ற ஆராய்ச்சிப் பண்ணைகளில் பிராமன், டிராட்மாஸ்டர், சாண்டா கெர்ட்ரூடிஸ் இனக் கிடேரிகளைச் சில வாரத்துக்கு ஒருமுறை, மாட்டை அசையாமல் நிறுத்தும் கிரஷ் கூண்டுக்குள் ஏற்றி, அல்ட்ராசவுண்டில் சினைப்பையைப் பார்த்தார்கள். முதல் முட்டை வெளியான அடையாளம் தெரியும் தேதிதான் அந்தக் கிடேரி பருவத்துக்கு வந்த தேதி. புழுதியிலும் வெயிலிலும் நின்று, ஒவ்வொரு கிடேரியாகச் செய்த வேலை அது. அந்தப் பதிவு இருப்பதால்தான் இன்று ஓர் இளங்காளையின் முடியை வைத்து அதன் மகள்களைப் பற்றிப் பேச முடிகிறது. அந்த ஊழியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பட்டியலில் 'கன்று ஈனும் நாள்கள்' என்ற மதிப்பைப் பாருங்கள். அதில் கழித்தல் குறி இருந்தால் நல்லது. மகள்கள் சீக்கிரம் ஈனும் என்று பொருள். எடை +60 இருந்து, இது கூட்டலில் இருந்தால் அந்தக் காளை வேண்டாம். எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பசுக்களும் பெருத்துக்கொண்டே போனால், வறட்சியில் அவற்றுக்குத் தீனி போட்டு மாளாது.

கேள்வி: எங்களிடம் காங்கேயம் மாடுகள் இருக்கின்றன. இந்தச் சோதனை எங்களுக்கு உதவுமா ஐயா?
(வாசகர், திருப்பூர் மாவட்டம்)

பதில்: நம் நாட்டு மாட்டு இனங்களுக்கென்று 2024-ல் கௌ சிப் என்ற டிஎன்ஏ சிப் வந்துவிட்டது. அதன் முதல் நோக்கம் பால். காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த மாடு. எதை அளந்து தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்று முதலில் உங்கள் பக்கத்துப் பண்ணையாளர்கள் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதுவரை சோதனைக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு, பிறந்த தேதி, தாய், தகப்பன், எடை, ஈன்ற தேதி ஆகியவற்றை எழுதத் தொடங்குங்கள்.

தராசு இல்லாவிட்டால் டேப் போதும். காலையில் தீனிக்கும் தண்ணீருக்கும் முன்னால், மாட்டைச் சமதரையில் நிறுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனைவரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் எடை கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் டேப் பிடித்தால் நல்லது.