குரோம் வனேடியம் ஸ்பேனரில் துரு: போலியா?

துருவை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 'குரோம் வனேடியம்' என்று பொறித்த ஸ்பேனர் மூன்றே மாதத்தில் துருப்பிடித்தது என்கிறீர்கள், அசலும் பிடிக்கும். அந்த எஃகில் குரோமியம் சுமார் 1 சதவீதம், வனேடியம் 0.2 சதவீதத்தை ஒட்டி. துருப்பிடிக்காத எஃகுக்குக் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் வேண்டும்.

வனேடியத்தின் வேலையே வேறு. கார்பனோடு சேர்ந்து நுண்ணிய கார்பைடுத் துகள்களாகி, பதப்படுத்தச் சூடேற்றும்போது எஃகின் மணிகள் (அதற்குள் இருக்கும் நுண்படிகங்கள்) பருத்துவிடாமல் பிடித்து வைக்கிறது. ஸ்பேனரின் வாய் லேசில் விரியாததும் உடையாததும் அதனாலும்தான். துருவைத் தடுப்பது மேலே உள்ள முலாம். நட்டு உரசும் விளிம்பில் துரு தொடங்கியிருந்தால் அங்கே முலாம் உரிந்திருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? உரிந்த இடத்தில் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு, அப்புறம் சாதா ஆணியில் ஒரு இழுப்பு. ஆணியைப் போலவே சுலபமாகத் தேய்ந்தால் சரக்கு மட்டம்.

ஆனால் இது கடினத்தைத்தான் காட்டும், வனேடியத்தை அல்ல. அதற்கு, எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் நிறமாலைச் சோதனை வேண்டும். ஒரு ஸ்பேனருக்கு அந்தச் செலவு வீண்.

துருவை எரிக்கிறேன் என்று அடுப்பில் மட்டும் காட்டாதீர்கள், பதம் போய்விடும்.