கிட்டார் பராமரிப்பு: கேள்வி பதில்

கே: பெசன்ட் நகரில் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். புதுத் தந்தி மூன்றே வாரத்தில் கறுத்துவிடுகிறது.

உப்புக்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால் அப்படித்தான். கை கழுவிவிட்டு வாசியுங்கள். முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் பருத்தித் துணிக்குள் பிடித்து நீளவாக்கில் துடையுங்கள்; அடிப்பக்கத்தில்தான் அழுக்கு தங்கும். 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்த தந்தியைவிட பாஸ்பர் பிரான்ஸ் (செம்போடு வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் கலந்தது) கொஞ்சம் தாங்கும். மேல்பூச்சு உள்ள தந்தி விலை கூடுதல்தான். கடலோரத்தில் அந்தப் பணம் வீணாகாது.

கே: மழை தொடங்கியதிலிருந்து தந்தி உயர்ந்து, அழுத்தவே முடியவில்லை. டிரஸ் ராடைத் திருகலாமா?

அவசரப்படாதீர்கள். டிரஸ் ராட் கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி; கழுத்தின் வளைவை மட்டுமே மாற்றும். மழைக்காலத்தில் முன்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். அதோடு, அதன்மேல் ஒட்டியிருக்கும், தந்திகளைப் பிடித்து வைக்கும் கட்டையான பிரிட்ஜும் மேலே வரும். அதற்கும் டிரஸ் ராடுக்கும் சம்பந்தமில்லை.

ஆகத் தடித்த ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) 14ஆம் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாம் ஃபிரெட்டுக்கு மேல், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது. அடுத்து மெல்லிய தாள் ஒன்றை பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. அன்றே தந்திகளைத் தளர்த்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு இழுக்கின்றன.

போன மழையில் பழுதுபார்க்க என்னிடம் வந்த ஒரு கிட்டாரில் தாள் அல்ல, அட்டையே உள்ளே போனது. உரிமையாளர் இரண்டு மாதமாக சேடிலை, அதாவது பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் பட்டையை, தேய்த்துத் தேய்த்து உயரத்தைக் குறைத்திருக்கிறார். பிரிட்ஜ் பெயர்ந்தபோது முன்பலகையின் நாரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. வெறும் பசையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. கிட்டாரைப் பெட்டியில் வையுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கே: ஏசி அறையில் வைத்திருக்கிறேன். ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றன.

உங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. ஏசி காற்று நேராகப் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

கே: ஃபிரெட் பதித்த பலகைக்கு, அதாவது ஃபிரெட் போர்டுக்கு, தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம்.

கே: மேலே ஒரே சொல்லில் மறுத்துவிட்டீர்கள். என் அப்பா முப்பது ஆண்டுகளாகத் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறார். கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் அப்பா ஒரு சொட்டு விட்டு அழுந்தத் துடைத்திருப்பார். அந்தத் துடைப்புதான் கிட்டாரைக் காப்பாற்றியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் மரத்தில் காய்வதில்லை. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். ஏசி அறையில் இருந்த கிட்டார்களில் ஃபிரெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

கே: அப்படியானால் அது வெறும் அழுக்குதானே? மரத்துக்கு அதனால் என்ன கெடுதல்?

நியாயமான கேள்வி. ஃபிரெட் போர்டோடு நின்றால் சுரண்டிவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய் எடுத்த கை அங்கே நிற்பதில்லை, பிரிட்ஜுக்கும் போகும். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. பிரிட்ஜை மறுபடி ஒட்டும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

கே: நல்லெண்ணெய்? விளக்கெண்ணெய்?

சமையலறை எண்ணெய் எதுவும் வேண்டாம். கிட்டாருக்கென்றே விற்கும் லெமன் ஆயிலை ஆண்டுக்கு இரு முறை, துணியில் மூன்று சொட்டு விட்டுத் தடவி, உடனே துடைத்துவிடுங்கள். அதுவும் ரோஸ்வுட், எபனி மரத்தாலான ஃபிரெட் போர்டுக்கு மட்டும்.

கே: தந்தி சீக்கிரம் கறுக்கிறது, என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: என் கிளாசிக்கல் கிட்டாருக்கு இரும்புத் தந்தி போடலாமா?

கூடவே கூடாது. நைலான் இழுவைக்காக மெலிதாகச் செய்த பலகை அது. பிரிட்ஜ் பறந்துவிடும்.

கே: எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரைகிறது.

நான் மரவேலைக்காரன். மின்சுற்று தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கே: தந்தி துருப்பிடிக்கிறது...

முதல் பதில்.

கே: மதுரைக்குக் காரில் போகிறோம். டிக்கியில் வைக்கலாமா?

இரண்டாவது பதிலிலேயே சொன்னேன். வெயிலில் மூடிக் கிடக்கும் கார் 60 டிகிரியைத் தொடும்; அந்தச் சூட்டில் பசை இளகும். பின் இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட இறங்கும்போது கிட்டாரையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.